காட்டெருமை போன வழி

வாசம் பிடிக்காதவர்கள் வைக்க வேண்டாம்.
மழை விட்டு வெயில் பட்டால்
பூனை மூத்திரம்தான்.

பாக்ஸ் செடி என்றார்கள்.
பெட்டியில் வரும் போல என்று நினைத்தேன்.
நர்சரிக்காரர் பிஸ்கட் பெட்டியில்தான் வைத்துக் கொடுத்தார்,
அதனால் ரொம்ப நாள் சந்தேகம் தீரவில்லை.

நாற்பத்திரண்டு குச்சி.
ஆனிச் சாரலில் மணல் கலந்து ஊன்றினேன்,
ஒன்பது கறுத்துப்போனது.
மிச்சமெல்லாம் அடுத்த ஆனிக்கு
என் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் கூட.
வெங்கிடுபதி சார் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தார்.
வேலி எதுவரைக்கும் வந்திருக்கு, ரோஸ்லின்?
கணுக்கால் வரைக்கும் சார்.
யாருடைய கணுக்கால் என்று அவர் கேட்கவில்லை,
கோழியுடையது.

கத்தரிப்பது மூடுபனி நாளில்.
வெயிலில் வெட்டினால் இலை ஓரம் தீய்ந்து
வேலி முழுக்க யாரோ பீடியை அணைத்த மாதிரி இருக்கும்.
அடி அகலம், தலை ஒடுக்கம்.
தலை அகன்றால் அடிக்கு வெளிச்சம் போகாது,
முழங்கால் தெரிய மொட்டையாகும்.
கார்த்திகைக்குப் பிறகு கத்தரியை எடுக்கக் கூடாது:
இந்தக் கேத்திப் பள்ளத்தில் தை மாசத்து உறைபனி
தளிரைத் தேடி வந்து அவிக்கும்.
ஒரு செடி முடிந்தால் கத்தரி வாயை ஸ்பிரிட்டில் துடைக்கணும்.
ஒன்றின் சீக்கு ஒன்றுக்கு ஒட்டும்.
இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை,
கறுத்த செடிகள் சொன்னது.

கேட்டுக்கு வலப்பக்கம் ஒரு மயில் வேண்டும் என்றார்.
துணிக்கொடிக் கம்பியில் எலும்புக்கூடு கட்டினேன்.
உடம்பு வந்தது. தோகை வந்தது, சொன்னதைவிட அதிகமாகவே.
கழுத்துதான் மாட்டேன் என்றது.
ஒரே ஒரு கிளையை நூல் போட்டு மேலே இழுத்து
பக்கத் தளிரையெல்லாம் நகத்தால் கிள்ளி
கிள்ளி
பால்வாடிக்குப் போன என் மகன்
பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டான்.
அந்த ஏப்ரலில் கொண்டை வந்தது.
மலர்க் கண்காட்சிக்கு வருகிறோம், என்றார் சார்,
விருந்தாளிகளோடு.

கோடை மழை பெய்த ராத்திரி.
காலையில் பார்த்தால்
கேட் பூட்டியபடியே இருந்தது,
வேலியில் ஒரு வாசல் இருந்தது.
ஒரு இலை தின்னவில்லை. கசப்பு.
நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.
குளம்புப் பள்ளத்தில் தண்ணீர்,
என் உள்ளங்கை அதில் முழுசாக முங்கியது.
மயிலின் கழுத்து இருந்த இடத்தில்
வளைந்த கம்பி.

ஃபாரஸ்ட் வாட்சர் பெள்ளி வந்து பார்த்தார்.
அவருக்கு இதுதானே பாதை, என்றார்.
சாருக்கா?
எருமைக்கு, என்றார்.

நான் அழவில்லை. எழுதலாம் என்று பார்த்தால்
அழுததாக எழுதத் தோன்றுகிறது.
ஸ்பிரிட் துணியை எடுத்தேன்.
வெயிலாக இருந்தது, பரவாயில்லை என்று
தோகையில் பாதியைக் கழித்தேன்,
முதுகை உருட்டினேன்,
கம்பியை அலகு அளவுக்கு மடக்கினேன்.
சாயங்காலம் அது கோழி.
அடைகாக்கிற கோழி.

விருந்தாளிகள் கோழிக்கு முன்னால் நின்று
படம் எடுத்துக்கொண்டார்கள்.
முட்டை எங்கே என்று ஒரு பெண் குழந்தை
மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தது.
சார் ஒன்றும் பேசவில்லை.
காரில் ஏறும்போது மட்டும்
ஓட்டையில் புதுசாக நடச் சொன்னார்.

நட்டேன். ஆறு குச்சி,
இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று.
நடுவில்
ஒரு எருமை அகலம் விட்டிருக்கிறேன்.
கேட்டால் காற்றோட்டம் என்று சொல்லலாம்.
கேட்பதற்கு அவருக்கு
இன்னும் பதினொரு வருஷம் இருக்கிறது.